ஜெ.ஜெ. என்று தொடங்கும் தாள்

நாம் சேர் என்று அழைத்த ஆசிரியர் காலமான செய்தி நம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாட்டில், ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர்ந்தது. சனிக்கிழமைப் பாட்டு வகுப்பில் இருந்தவர்கள், கீர்த்தனை கட்டப் படிப்பித்தவர் என்று அவரைச் சொல்வார்கள். அது பாதிதான். வெறும் தாளைக் கண்டு பயப்படாதிருக்கப் படிப்பித்தவர் அவர். அந்தத் துணிச்சலை அவர் வேதத்திலிருந்து எடுத்தார்.

தாலந்து உவமையை அவர் வாசிக்கும் விதம் நினைவிருக்கும். மத்தேயு 25இல், தான் கொடுத்த தாலந்தை, அதாவது பணத்தை, பெருக்காமல் புதைத்துவைத்த ஊழியனை எஜமான் சோம்பன் என்கிறான். அவனே சொல்லும் காரணம் ‘நான் பயந்து’ என்பது. எஜமானைக் கடினமுள்ளவர் என்று எண்ணியவன் நிலத்தைத் தோண்டினான். ஆகவே முதல் வரி வராமல் பேனையைக் கடிக்கும் பிள்ளையிடம் சேர் கேட்பது ஒரே கேள்வி: “ஆரை நினைச்சுப் பயப்பிடுறீர்?”

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் (1685–1750) தன் இசைப்பிரதிகள் பலவற்றின் தலையில் ஜெ.ஜெ. என்றும் அடியில் எஸ்.டி.ஜி. என்றும் எழுதினார். ‘இயேசுவே, உதவும்’, ‘தேவனுக்கே மகிமை’ என்ற இலத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் அவை. நாமும் அப்படியே எழுதினோம். தலையில் உதவி கேட்டாயிற்று, அடியில் தீர்ப்பை ஒப்படைத்தாயிற்று. நடுவில் எத்தனை பிழையும் விடலாம். கிருபை என்ற சொல்லுக்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பிரசங்கங்களில் கேட்கவில்லை.

நடுவில் நடந்தது கடும் உழைப்பு. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்துக்கும், அதாவது எட்டு எண்ணிக்கைக்கும், எட்டுக் கட்டம் கீறி, சொற்களைக் கட்டத்துக்குள் இருத்துவோம். சரணங்கள் முதலில், பல்லவி கடைசியில். சரணங்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்று தெரியாமல், திரும்பத் திரும்பப் பாடப்போகும் வரியை எப்படி எழுதுவது? முதல் அட்சரத்தில் கனமான சொல் விழவேண்டும். வேற்றுமை உருபோ, முறிந்த சொல்லின் வாலோ விழுந்தால் பாடுபவருக்கு மூச்சும் பொருளும் சேர்ந்து போய்விடும். இசை நீளும் இடத்தில் குறில் நின்றால் ‘வரம்’ என்பது ‘வாரம்’ ஆகும், ‘பலம்’ என்பது ‘பாலம்’ ஆகும். எனவே இழுக்கும் இடங்களை முதலில் கோடிட்டு, அங்கே நெடில் தேடுவோம்.

எதுகையில்தான் அவர் மிகக் கண்டிப்பு. ‘நாதா’ என்று தொடங்கினால் வேதம், பாதம், போதம் எல்லாம் கூப்பிடாமலே வந்து நிற்கும். அப்படி வரும் சொல் நாம் நம்பாததையும் நம் வாயில் வைத்துவிடும். சஞ்சலத்தோடு வந்த பிள்ளை ஓசைக்காக ஆனந்தம் என்று எழுதியிருந்தால், சங்கீதம் 13ஐத் திறந்து வைப்பார். ஆறே வசனம், ‘எதுவரைக்கும்’ நான்கு முறை வருகிறது, பாட்டு அதற்குப் பிறகுதான். தேவனிடம் முறையிடத் துணிந்தவனுக்கு வாசகனிடம் உண்மை சொல்லப் பயம் இராது என்பது அவர் எண்ணம். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேமை, குறத்தி குறிசொல்லும் குறவஞ்சி என்ற நாடக வடிவில் பாடத் துணிந்ததை எடுத்துச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உயரும்.

மரவேலை, சித்திரம் செய்தவர்களையும் அவர் விடவில்லை. யாத்திராகமம் 31இல் தேவ ஆவியால் நிரப்பப்பட்ட பெசலெயேல் பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்தவன், இரத்தினம் பதித்தவன், மரம் செதுக்கியவன்.

அடித்தல் திருத்தல் இல்லாத தாளை அவர் வாங்கமாட்டார். அழகாகப் பிரதி பண்ணிக் கொண்டுபோனால், எல்லார் முன்னாலும் வாசிக்காமலே திருப்பித் தருவார்: “வெட்டின சொல்லுகளைக் கொண்டுவாரும்.” கைகள் நடுங்கத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு இடத்துக்கு நடந்த அந்த நடை நம்மில் பலருக்கு இன்னும் சுடும். வெட்டிய சொற்களை ஒளிப்பதும் தாலந்தைப் புதைப்பதும் அவருக்கு ஒன்றே.

பிறகு வெளிநாடுகளுக்குப் புறப்பட்டோம். அவருடைய கடிதங்களில் சுகம் விசாரித்த கையோடு, “புதுசா என்ன கட்டினீர்?” என்று இருக்கும். வேலை, குளிர், பிள்ளைகளின் படிப்பு என்று பதில் எழுதினோம். எல்லாம் உண்மையான காரணங்கள்; அவர் ஒன்றையும் மறுக்கவில்லை. அடுத்த கடிதத்திலும் அதே கேள்வி இருந்தது.

அந்தக் கொப்பிகளைக் கடல்தாண்டிக் கொண்டுவந்தவர்கள் நம்மில் இருக்கிறோம். தலையில் ஜெ.ஜெ. இருக்கிறது. இரண்டு சரணம் இருக்கிறது. பல்லவிக்கு விட்ட எட்டுக் கட்டமும் வெறுமையாக இருக்கிறது. அடியில் போடவேண்டிய மூன்று எழுத்தை இன்னும் போடவில்லை.