ஏரிக்கரையில் டாக்டர் சார்

கொடைக்கானலில் படித்தவர்களுக்கு ஏரி என்றதும் வாடகைச் சைக்கிளும் சுட்ட சோளமும்தான் ஞாபகம் வரும். விடுதியில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த நம் டாக்டர் சாருக்கு அது துடுப்பு வலிக்கும் இடம். மருத்துவம் படித்த நாளில் பந்தயப் படகில் வலித்தவர்.

"கையால இழுக்காதீங்கடா, காலால உதைங்க" என்பார். பந்தயப் படகில் இருக்கை சக்கரத்தில் ஓடும். துடுப்பின் தட்டை நுனியான அலகு நீரில் இறங்கியதும் முதலில் கால் நீளும், அப்புறம் முதுகு சாயும், கடைசியில்தான் முழங்கை மடங்கும். திரும்பி வரும்போது கை, முதுகு, கால். வரிசை குழம்பினால் பாரமெல்லாம் அடிமுதுகில் இறங்கும். ஏரியில் இருந்தவை இருக்கை நகராத கனத்த மரப்படகுகள். அவற்றில் பாதத்தை அழுத்தி ஊன்றி, முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து சாய்ந்து வலிக்க வேண்டும்.

அலகு நிமிர்ந்து இறங்காமல் சாய்ந்து இறங்கினால் தண்ணீர் அதைக் கீழே இழுத்துக்கொள்ளும். படகு ஓடும் வேகத்தில் கைப்பிடி விலாவில் வந்து இடிக்கும். அதோடு மல்லுக்கட்டினால் எலும்புக்குத்தான் கேடு.

பெஞ்சமின் ஸ்பாக் என்றால் அவருக்கு உயிர். பின்னாளில் பேர்பெற்ற குழந்தை மருத்துவரான ஸ்பாக், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் படகில் தங்கம் வென்ற அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக அணியில் ஏழாவது இருக்கையில் இருந்தார். 2,000 மீட்டரை 6 நிமிடம் 33.4 வினாடியில் கடந்தார்கள்; இரண்டாவதாக வந்த கனடாவுக்கு மேலும் 15 வினாடிக்கு மேல் ஆயிற்று. அந்த இருக்கையைப் பற்றி ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி அடித்தாலும் டாக்டர் சார் நிறுத்தமாட்டார். தாளம் எட்டாமவருடையது. அவர் முதுகைப் பார்த்து உட்காரும் ஏழாமவர் அதை வாங்கித் தன் பக்கத்துத் துடுப்புகளுக்குக் கடத்த வேண்டும். எட்டாமவர் பதறினாலும் ஏழாமவர் நிதானமாக முன்னே வந்தால் படகு அடங்கும். பதக்கத்தைவிட இதைத்தான் பெரிதாகச் சொல்வார். சரிதான் என்றே படுகிறது.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்காவது குறையும். மதுரையிலிருந்து புதிதாக வந்த பையனுக்கு மூச்சு வாங்கினால் சோம்பேறி என்று திட்ட விடமாட்டார். மணிக்கட்டைப் பிடித்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவார். 100-க்குக் கீழே இறங்கினால்தான் அடுத்த சுற்று.

உள்ளங்கைக் கொப்புளத்தைக் குத்த விடமாட்டார். மேல்தோல்தான் நல்ல கட்டு என்பார். தானே உடைந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிய துணி சுற்றி, துடுப்பை இறுக்கிப் பிடிக்காமல் விரல்களில் கொக்கிபோல் மாட்டி வலிக்கச் சொல்வார்.