மார்பு வரை மண்ணில் ராம்சேஸ்

எகிப்தின் லக்சர் கோயிலைக் காட்டும் பழைய படம் ஒன்று இன்று கண்ணில் பட்டது. எடுத்தவர் அந்தோனியோ பியாட்டோ. 1860களில் அந்த ஊரிலேயே குடியேறி, ஸ்டூடியோ வைத்து, பயணிகளுக்குப் படம் விற்றுப் பிழைத்தவர்.

வாசலில் ராம்சேஸ் மன்னரின் பிரம்மாண்டச் சிலைகள். மார்பு வரை மண்ணுக்குள்.

பக்கத்தில் ஒற்றைக் கல்தூபி. அதன் ஜோடி 1836 முதல் பாரிஸில் நிற்கிறது. (திருப்பித் தரும் பேச்சே இல்லை!)

சுவரை ஒட்டி மண் வீடுகள். உள்ளே தூண்களுக்கு நடுவிலும் வீடுகள்தான். கோயிலுக்குள் ஓர் ஊரே குடியிருந்திருக்கிறது.

1885இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் மாஸ்பெரோ தோண்டத் தொடங்கினார். வீடுகள் போயின. கோயிலுக்குள்ளேயே இருந்த அபூ ஹக்காக் பள்ளிவாசலை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. சுற்றிலும் மண்ணை அள்ளிவிட்டதால் அதன் பழைய வாசற்கதவு இன்று பல மீட்டர் உயரத்தில், படியில்லாமல், அந்தரத்தில் இருக்கிறது.

படம் வாங்கியவர்கள் கேட்டது தூண்களைத்தான். வீடுகள் அவர்களுக்குக் குப்பையாகத் தெரிந்திருக்கும். எனக்கோ அவற்றின் மேல்தான் கண் போகிறது. காலி செய்யச் சொன்னபோது அந்தக் குடும்பங்களுக்கு என்ன கொடுத்தார்கள்? தேடிக்கொண்டிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.