ரோம் என்று போட்டிருக்கும், கப்பல் சிவிட்டாவெக்கியாவில் நிற்கும்

உல்லாசப் பயணக் கப்பல் நிறுவனங்களின் பயண அட்டவணையில் 'ரோம்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கப்பலோ ரோமிலிருந்து சாலை வழியே 70 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியுள்ள சிவிட்டாவெக்கியா என்னும் துறைமுகத்தில் நிற்கும். 'ஃபுளோரன்ஸ்' என்றால் லிவோர்னோ, 'பாரிஸ்' என்றால் சுமார் 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லெ ஆவ்ர், 'பெர்லின்' என்றால் பால்டிக் கரையிலுள்ள வார்னமுண்டே. வெனிஸில் இந்தத் தொலைவுக்கு அரசின் ஆணையே காரணமாகிவிட்டது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் சான் மார்கோ சதுக்கத்தின் முன்பாகச் செல்வதை இத்தாலிய அரசு 2021 ஆகஸ்ட் 1 முதல் தடை செய்துவிட்டதால், வெனிஸின் பெயரில் விற்கப்படும் பயணங்களில் பல இப்போது மார்கெராவின் தொழிற்சாலைத் துறைகளிலோ, ரவென்னாவிலோ, திரியெஸ்தேயிலோ தொடங்குகின்றன. ஆகவே பயணச்சீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு நாளுக்கும் கப்பல் கட்டப்படும் துறைமுகத்தின் பெயரைக் கேட்டு வாங்கி, அங்கிருந்து ஊருக்குள் செல்லும் வழியை வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும் என்று என்னிடம் யோசனை கேட்கும் நண்பர்களுக்குச் சொல்லி வருகிறேன்.

நம்மவர்கள் பலரும் முதன்முதலாகத் தேர்ந்தெடுப்பது மேற்கு மத்தியதரைக் கடலின் ஒரு வாரச் சுற்று என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்: பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, லிவோர்னோ, சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ். கப்பலுக்குக் கப்பல் வரிசை மாறும், ஓரிரு ஊர்கள் விடுபடும். துறைமுகங்களின் இயல்பு மாறாது.

கரையில் கிடைக்கும் நேரத்தைக் காலையிலிருந்து முன்னோக்கிக் கணக்கிடாமல், மாலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். கப்பல் புறப்படும் நேரம் வேறு, பயணிகள் கப்பலுக்குள் இருந்தாக வேண்டிய கடைசி நேரம் வேறு. பின்னது பொதுவாக அரை மணி நேரம் முன்னதாகவும், சில கப்பல்களில் ஒரு மணி நேரம் முன்னதாகவும் இருக்கும். இறங்கும் வழியில் வைத்திருக்கும் பலகையில் எழுதப்பட்டிருப்பது இந்த இரண்டாவது நேரம்தான். அதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. இந்தச் சுற்றில் எல்லா ஊர்களுக்கும் ஒரே நேரம் என்பதால் சிக்கல் இல்லை. இத்தாலியிலிருந்து கிரேக்கத்துக்குச் செல்லும் கப்பல்களில் ஒரு மணி நேர வேறுபாடு வரும். கைப்பேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பலின் கடிகாரம் மாறுமா மாறாதா என்பது கப்பல் தலைவரின் முடிவு. அத்தகைய பயணங்களில், கையால் முள்ளைத் திருப்பும் பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்வதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு வேறில்லை.

சிவிட்டாவெக்கியாவில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கப்பல் காலை 7 மணிக்கு வந்து மாலை 7 மணிக்குப் புறப்படுவதாகவும், 6.30 மணிக்குள் ஏறியாக வேண்டும் என்றும் கொள்வோம். இறங்க அனுமதி கிடைத்து, துறைமுகத்தின் இலவசப் பேருந்தில் லார்கோ டெல்லா பாச்சே என்ற இடத்தை அடைந்து, அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்தில் ரயில் நிலையம் சேர்வதற்குள் எட்டே முக்கால் ஆகிவிடும். ரோமின் சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கும்போது மணி பத்தை ஒட்டியிருக்கும். மாலையில் 5 மணிக்கெல்லாம் சிவிட்டாவெக்கியா நிலையத்தில் இருந்தால்தான், ஒரு ரயில் ரத்தானாலும் அடுத்ததைப் பிடிக்க இடமிருக்கும். அதற்கு ரோமிலிருந்து 3.30 மணி அளவில் கிளம்ப வேண்டும். அட்டவணையில் பன்னிரண்டு மணி நேரமாகத் தெரிந்தது ஐந்தரை மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. இதற்குள் வத்திக்கானையும் கொலோசியத்தையும் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று விளம்பரம் சொல்லும். என்னைக் கேட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். வத்திக்கான் பக்கம் என்றால் சான் பியெத்ரோ நிலையத்திலிருந்து புனித பேதுரு சதுக்கத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. அங்கிருந்து சாந்த் ஆஞ்சலோ கோட்டை, ஆற்றுப் பாலம், நவோனா சதுக்கம், பாந்தியோன் என்று நடந்தே போய்விடலாம். கொலோசியம் என்றால் பெயரும் நேரமும் குறித்த சீட்டை முன்பே இணையத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

ரயில் பற்றி இரண்டு செய்திகள். காகிதத்தில் அச்சிட்ட உள்ளூர் ரயில் சீட்டை நடைமேடைக்கு அருகே சுவரில் பொருத்தியிருக்கும் சிறிய இயந்திரத்தில் நுழைத்து, நாளும் நேரமும் அச்சான பிறகே வண்டியில் ஏற வேண்டும். அச்சில்லாத சீட்டு பரிசோதகரின் பார்வையில் செல்லாத சீட்டுதான், சுற்றுலாப் பயணி என்ற சலுகை கிடையாது. கைப்பேசியில் வாங்கியிருந்தால் ஏறும் முன் அதிலேயே 'செக்-இன்' செய்ய வேண்டும். அடுத்தது, திரும்பும்போது ரோம் தெர்மினி நிலையத்தில் ஏறுபவர்களுக்கானது. சிவிட்டாவெக்கியா வண்டிகள் பெரும்பாலும் நிற்கும் நடைமேடைகள் முகப்பிலிருந்து வெகுதூரம் உள்ளே, தனியாக ஒதுங்கி இருக்கின்றன. பெட்டியும் பிள்ளைகளுமாக நடந்தால் பத்து நிமிடம் ஆகும். அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு 'இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறதே' என்று காப்பிக் கடையில் நிற்பவர்கள் வண்டியின் பின்விளக்கைத்தான் பார்ப்பார்கள்.

ரோமில் தண்ணீர்ப் போத்தல் வாங்கிச் செலவழிக்க வேண்டியதில்லை. தெருவோரங்களில் வளைந்த மூக்குப் போன்ற குழாயுடன் நிற்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் நகரெங்கும் சுமார் 2,500 உள்ளன. ஓயாமல் ஒழுகிக்கொண்டிருக்கும் அந்த நீர் குடிநீரே. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலேயுள்ள சிறு துளை வழியாக நீர் வளைந்து மேலெழும்பும், குனியாமல் குடிக்கலாம்.

லிவோர்னோ வேறு விதமான துறைமுகம். சரக்குப் பெட்டகங்களுக்கு நடுவே கப்பல் கட்டப்படுவதால் நடந்து வெளியேற அனுமதிப்பதில்லை; ஊர் மையத்துக்குச் செல்லும் பேருந்தில்தான் போக வேண்டும், அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு இன்னொரு பேருந்து. ஃபுளோரன்ஸுக்கு ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், பீசாவுக்கு இருபது நிமிடத்துக்கும் குறைவு. இரண்டையும் ஒரே பகலில் முடிக்கும் பேருந்துச் சுற்றுலாவைக் கப்பலில் விற்பார்கள்; அதில் போனவர்களுக்குப் பெரும்பாலும் நினைவில் நிற்பது நெடுஞ்சாலைதான். உஃபீட்ஸி, அக்காதேமியா ஆகிய இரு காட்சியகங்களும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதால், கப்பல் திங்களன்று லிவோர்னோவுக்கு வருமானால் ஃபுளோரன்ஸ் ஆசையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

அப்படிப்பட்ட நாளில் லிவோர்னோவிலேயே தங்கிவிடுவது என் விருப்பம். கால்வாய்கள் குறுக்கிடும் வெனேசியா நுவோவா பகுதியும், அகழியால் சூழப்பட்ட புதிய கோட்டையும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பெரிய மைய அங்காடியும் அரை நாளுக்குப் போதுமானவை. அங்காடியைச் சுற்றியுள்ள சிறு கடைகளில் 'தோர்த்தா தி சேச்சி' என்று ஒரு பண்டம் கிடைக்கும். கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து, அகன்ற செப்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுடுகிறார்கள். மேற்புறம் பொன்னிறமாக முறுகி, உள்ளே நம் கடலைமாவு தோசையின் நடுப்பகுதியைப் போல மெத்தென்று இருக்கும். கடைக்காரர் தட்டிலிருந்து ஒரு துண்டை வழித்தெடுத்து, ரொட்டிக்கு நடுவே வைத்து, மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவித் தருவார். முட்டையோ பாலோ சேராதது என்பதால் சுத்த சைவர்களும் தயங்காமல் உண்ணலாம். இதே பண்டம் ஜெனோவாவில் ஃபரினாதா என்றும் நீஸ் நகரில் சோக்கா என்றும் விற்கப்படுகிறது. நேப்பிள்ஸில் 'மரினாரா' என்று கேட்டால் தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டும் இட்ட, பாலாடைக்கட்டி இல்லாத பீட்சா வரும். ஜெனோவாவின் பெஸ்தோ என்ற இலைத் துவையல் பச்சையாக இருப்பதால் மட்டும் சைவம் என்று நம்பிவிட வேண்டாம். அதில் சேரும் பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைக்கப்படுவது. அதைப் பொருட்படுத்துவதும் படுத்தாததும் அவரவர் விருப்பம். இத்தாலியில் எந்த ஊரானாலும் உணவகங்கள் பலவும் பிற்பகல் மூன்று மணியோடு அடுப்பை அணைத்துவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இறங்கியவுடன் நகரத்துக்குள் காலை வைக்கக்கூடிய துறைமுகங்கள் இந்தச் சுற்றில் ஜெனோவாவும் நேப்பிள்ஸும்தான். ஜெனோவாவில் கப்பல் முனையத்திலிருந்து பியாட்சா பிரிஞ்சிபே ரயில் நிலையமும் பழைய நகரின் குறுகிய சந்துகளும் சில நிமிட நடையில் உள்ளன; 2006-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ரோல்லி மாளிகைகள் வரிசையாக நிற்கும் காரிபால்டி தெருவுக்கும் நடந்தே செல்லலாம். இவ்வளவையும் விட்டுவிட்டு மிலானுக்கு ஓடுபவர்களை எனக்குப் புரிவதில்லை. நேப்பிள்ஸில் முனையத்துக்கு எதிரே காஸ்தெல் நுவோவோ கோட்டை, பக்கத்திலேயே காப்ரித் தீவுக்குச் செல்லும் படகுத்துறை, கூப்பிடு தூரத்தில் முனிசிப்பியோ மெட்ரோ நிலையம். எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரமான பொம்பெயிக்குச் செல்பவர்கள் மெட்ரோவில் கரிபால்தி நிலையத்துக்குச் சென்று, அங்கிருந்து சிர்க்கும்வெசுவியானா ரயிலில் ஏறி, 'பொம்பெயி ஸ்காவி' நிலையத்தில் இறங்க வேண்டும். அந்த ரயிலில் ஏறத்தாழ நாற்பது நிமிடம். 2024 நவம்பர் முதல் அங்கே ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதியில்லை, சீட்டில் பெயரும் இருக்க வேண்டும் என்பதால் முன்பதிவு செய்வதும் அடையாள அட்டை கொண்டுசெல்வதும் அவசியம். நிழலே இல்லாத கல் பாவிய தெருக்களில், பரந்த பரப்பில் நடக்க வேண்டியிருப்பதால், முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் நகருக்குள்ளேயே உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் பொம்பெயியின் ஓவியங்களையும் மொசைக்குகளையும் பார்ப்பது மேல். அதற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

மார்செய்யில் முனையம் ஊரின் வடகோடியில் இருப்பதால் லா ஜோலியத் வரை பேருந்தில் வந்து, அங்கிருந்து பழைய துறைமுகத்துக்கு லெ பானியே என்ற பழைய குடியிருப்பு வழியாக நடப்பது எளிது. பார்சிலோனாவில் பெரிய கப்பல்கள் நிற்கும் மோல் அதோசாத் துறையிலிருந்து கொலம்பஸ் நினைவுத் தூண் வரை பேருந்து உண்டு. அதன் காலடியிலேயே ரம்பிளா என்ற நடைவீதி தொடங்குகிறது, ஜேப்படிக்காரர்களின் ராஜ்ஜியமும் அங்கேயே தொடங்குகிறது. பணப்பையைப் பின்பையில் வைக்கும் பழக்கத்தைக் கப்பலிலேயே விட்டுவிட வேண்டும். சக்ராதா ஃபமிலியா தேவாலயத்துக்கு நேரம் குறித்த சீட்டு இணையத்தில் மட்டுமே.

கப்பலில் விற்கும் சுற்றுலாக்களின் விலை கசக்கும். ஆனாலும் அவற்றுக்கு மறுக்க முடியாத ஒரு நன்மை உண்டு: அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகச் சென்றவர்களுக்காகக் காத்திருக்காது. எனவே தொலைவான ஊர்களுக்கு, குறிப்பாக வயதானவர்களோடு செல்லும்போது, கப்பலின் சுற்றுலாவையும், அருகிலுள்ள ஊர்களுக்குச் சொந்தக் காலையும் நம்புவது என் வழக்கம். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படும்; வேலைநாட்களில் உள்ளூர் ரயில்களுக்குக் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும்தான் உத்தரவாதம் என்பதால், நமக்குத் திரும்பும் வண்டி தேவைப்படும் பிற்பகல் நேரம் சரியாக அந்த இடைவெளியில் விழுந்துவிடுகிறது. கப்பல் ஏறும் முன்பே வேலைநிறுத்தத்தைக் குறிக்கும் 'ஷோப்பெரோ' என்ற இத்தாலியச் சொல்லைப் போட்டு அந்த வாரத்துக்கான செய்திகளைத் தேடிப் பார்த்துவிடுங்கள். காற்று பலமாக இருந்தால் கப்பல் தலைவர் ஒரு துறைமுகத்தையே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்; நீங்கள் தனியாக வாங்கிய நுழைவுச்சீட்டுக்குக் கப்பல் நிறுவனம் பணம் தராது.

கடலுக்குள் சென்றதும் கைப்பேசி கப்பலின் செயற்கைக்கோள் வலையோடு தானாகவே இணைந்துகொள்ளும். ஐரோப்பிய சிம் அட்டையின் திட்டம் அதற்குச் செல்லாது, கட்டணம் மலைக்க வைக்கும். கப்பல் நகரத் தொடங்கும்போதே விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட வேண்டும். தேவாலயங்களுக்குள் நுழையத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பையில் ஒரு துப்பட்டா இருந்தால் போதும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசாவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கப்பல் ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளை விட்டு துருக்கிக்கோ, மாண்டினீக்ரோவுக்கோ, துனிசியாவுக்கோ போய்த் திரும்புமானால் ஒரு முறை நுழையும் விசா போதாது, பலமுறை நுழையும் விசா வேண்டும். குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனில் சேர்ந்துவிட்டதால் துப்ரோவ்னிக் செல்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. சில நிறுவனங்கள் பயணம் முடியும்வரை கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும்; அதன் நகலும் விசாப் பக்கத்தின் நகலும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

எல்லாக் கணக்கும் தப்பி, கப்பலைத் தவறவிட்டால் முதலில் அழைக்க வேண்டியவர் துறைமுகத்திலுள்ள கப்பல் முகவர். அவருடைய பெயரும் எண்ணும் அன்றாடம் அறைக்கு வரும் நிகழ்ச்சி நிரலில் அச்சாகியிருக்கும். கரையேறும் முன் அந்தத் தாளைக் கிழித்துப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பயணி வராதது தெரிந்தால் அறையில் உள்ள கடவுச்சீட்டை எடுத்து முகவரிடம் கொடுத்துவிட்டுச் செல்வதும் உண்டு. அதன் பிறகு அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டும். சிவிட்டாவெக்கியாவில் தவறவிட்ட கப்பல் மறுநாள் நேப்பிள்ஸுக்குப் போவதாக இருந்தால் ரோம் தெர்மினிக்குத் திரும்பி அதிவேக ரயிலில் ஏறலாம். அங்கிருந்து ஒரு மணி பத்து நிமிடம்தான், கப்பலுக்கு முன்பே துறையில் போய் நிற்கலாம். அடுத்த ஊர் துனிசியாவோ மால்டாவோ என்றால் விமானச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவைப் பயணக் காப்பீடு ஏற்குமா என்பதைக் காப்பீடு எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.