ஜாடிக்குள் கடற்பாசி: வெப்பம் தனியாக வருவதில்லை

கடல்நீர் சூடேறினால் கடற்பாசிக்கு என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் நான்கு மாதங்களுக்கு முன்பு இந்த முயற்சியைத் தொடங்கினேன். இரண்டு லிட்டர் கொள்ளும் கண்ணாடி ஜாடிகள் நான்கு, ஒவ்வொன்றிலும் ஒரு காற்றுக்குழாய், மேலே நாளுக்கு 12 மணி நேரம் எரியும் எல்இடி விளக்கு ஆகியவையே கருவிகள். மீன் தொட்டிகளுக்கான கடலுப்பைக் கரைத்து, ஆயிரத்தில் 35 பங்கு என்ற இயல்பான கடல் உவர்ப்புக்கு நீரைக் கொண்டுவந்தேன். வளர்ப்பதற்கு எடுத்துக்கொண்டது உல்வா என்னும் பச்சைப் பாசி. அதன் இலை இரண்டு செல் தடிமன் மட்டுமே கொண்டது என்பதால், நீரில் நிகழும் எந்த மாற்றமும் அதன் எல்லாச் செல்களையும் நேரடியாகத் தொடும். இரண்டு ஜாடிகளை 25 டிகிரி செல்சியஸிலும் மற்ற இரண்டை 31 டிகிரியிலும் வைத்தேன்.

முதல் முயற்சி மூன்றே நாளில் கெட்டது. எடைகள் சமமாக இருக்க வேண்டும் என்று இலைகளை நாணய அளவு வட்டங்களாக வெட்டிப் புதிய நீரில் போட்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் வட்டங்களின் விளிம்புகள் வெளுத்து, நீர் இளம்பச்சையாகக் கலங்கியிருந்தது. வெப்பம் பாசியைக் கொன்றுவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிய பிறகே 25 டிகிரி ஜாடிகளைப் பார்த்தேன். அங்கும் அதே வெளுப்பு. உல்வாவின் இலை வளரும்போது இனப்பெருக்கத்தை அடக்கி வைக்கும் பொருள்களைத் தன் செல்சுவரிலும் சுற்றியுள்ள நீரிலும் சேர்த்து வைக்கிறது. இலையைத் துண்டாக்கி, நீரையும் மாற்றினால் அந்தத் தடை நீங்கி, சாதாரணச் செல்களே இரண்டு மூன்று நாள்களில் நீந்தும் இனப்பெருக்கச் செல்களாக மாறி வெளியேறிவிடும். மிஞ்சுவது வெற்றுச் செல்சுவர்தான். நான் சாவு என்று நினைத்தது பிரசவம். அதைத் தூண்டியதும் என் கத்திரிக்கோலே தவிர வெப்பமல்ல.

இரண்டாம் முறை முழு இலைகளையே எடுத்து, ஒரு வாரம் பழக்கப்படுத்திய பிறகு தொடங்கினேன். இந்த முறை 31 டிகிரி ஜாடிகளில் பாசி உண்மையாகவே வாடியது. இலை விறைத்து, நிறம் மங்கி, ஒன்பதாம் நாளில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனால் ஜாடியின் மேல் போட்டிருந்த கோட்டிலிருந்து நீர்மட்டம் வெகுவாக இறங்கியிருந்ததை அன்றுதான் கவனித்தேன். இரண்டு லிட்டரில் ஏறத்தாழ 300 மில்லி ஆவியாகியிருந்தது. நீர் போனாலும் உப்பு போகாது. உவர்ப்பு மானியில் பார்த்தபோது 41 காட்டியது; குளிர்ந்த ஜாடிகளிலோ 37ஐத் தாண்டவில்லை. வெளியே உப்பு கூடும்போது செல்லிலிருந்து நீர் வெளியேறுகிறது. அதை ஈடுகட்ட உல்வா பொட்டாசியம் போன்ற அயனிகளை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். செல்லுக்குத் தீங்கு செய்யாத சில கரிமப் பொருள்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வளர்ச்சிக்குப் போக வேண்டிய ஆற்றல் இந்தப் பராமரிப்புக்கே செலவாகிறது. அப்படிச் சேரும் பொருள்களில் கந்தகம் கொண்ட ஒன்று சிதையும்போதுதான் நாம் கடல்மணம் என்று சொல்லும் வாசனை எழுகிறது. அந்த வாரம் அறை முழுவதும் அந்த மணம்தான். ஆக, நான் ஒன்பது நாளாக அளந்துகொண்டிருந்தது வெப்பத்தை மட்டுமல்ல, அது கூட்டிவந்த உப்பையும் சேர்த்துத்தான்.

மூன்றாம் முறை, நாள்தோறும் கோடு வரை காய்ச்சி வடித்த நீரை ஊற்றி உவர்ப்பை 35இல் நிறுத்தினேன். அதோடு, 31 டிகிரி ஜாடிகளில் ஒன்றுக்கு மட்டும் சிறிதளவு நைட்ரேட் உரத்தையும் சேர்த்தேன். ஒவ்வொன்றிலும் 2 கிராம் பாசி. ஏழு நாள் கழித்துக் காகிதத்தில் ஒற்றி எடை பார்த்தபோது, 25 டிகிரியில் வளர்ந்தது சராசரியாக 3.4 கிராமும், உரமில்லாத 31 டிகிரியில் வளர்ந்தது 2.9 கிராமும் இருந்தன. உரம் பெற்ற 31 டிகிரிப் பாசியோ 3.3 கிராம்! நாள் ஒன்றுக்கான வளர்ச்சி விகிதமாகக் கணக்கிட்டால் முறையே 7.6, 5.3, 7.2 விழுக்காடு வருகிறது. உரமில்லாத சூடான ஜாடியில் இலை மஞ்சள் பாய்ந்திருந்தது. அது பசியின் நிறம். வெப்பம் கூடும்போது சுவாசம் ஒளிச்சேர்க்கையைவிட வேகமாகக் கூடுகிறது. சூட்டில் சிதையும் புரதங்களையும் ஓயாமல் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும்; நைட்ரேட் உரம் தருவது அதைத்தான். கையிருப்பு உள்ள பாசி சூட்டைத் தாங்குகிறது, இல்லாதது தளர்கிறது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

கடலில் வெப்பத்தையும் இந்தப் பசியையும் பிரிப்பது கடினம். சூடான நீர் இலேசானது என்பதால் மேலேயே தங்கி, ஆழத்தில் நைட்ரேட் நிறைந்து கிடக்கும் குளிர்நீர் மேலெழுவதைத் தடுத்துவிடுகிறது. டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் ராட்சதக் கெல்ப் என்னும் பெரிய பழுப்புக் கடற்பாசிக் காடுகளின் பெரும்பகுதி அழிந்ததற்குக் கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் வலுத்துத் தெற்கே இறங்கியது ஒரு முக்கியக் காரணம். அந்த நீரோட்டம் கொண்டுவருவது வெதுவெதுப்பான நீர் மட்டுமல்ல, சத்துக் குறைந்த நீரும்கூட. அதன் போக்கில் பாசியை மேயும் கடல்முள்ளெலிகளும் தெற்கே பரவின. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2011இல் வந்த கடல் வெப்ப அலைக்குப் பிறகு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளக் கரையில் கெல்ப் காடு மறைந்தது. நீர் மீண்டும் குளிர்ந்த பின்னும் அது திரும்பவில்லை. குட்டையான பாசிகள் பாறையில் மெத்தையாகப் படர்ந்துவிட, வெப்பத்தோடு வந்து சேர்ந்த பாசி தின்னும் மீன்கள் முளைக்கும் கெல்ப் குருத்துகளை மேய்ந்துவிட்டன. என் ஜாடியில் வெப்பம் உப்பைக் கூட்டிவந்தது. அங்கே பசியையும் வாய்களையும் கூட்டிவந்தது.

இடையில் நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் குறித்து வந்தேன்; எண் குறைந்தால் அமிலத்தன்மை கூடியதாகப் பொருள். காற்றோட்டத்தை நிறுத்திவைத்த ஒரு நாளில், காலை 8.0 ஆக இருந்தது மாலைக்குள் 9.3 ஆகிவிட்டது. விளக்கு எரியும் வரை பாசி நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சுவதும், அது தீர்ந்ததும் அந்த வாயு நீரில் கரைந்து மாறிய வடிவமான பைகார்பனேட்டை உடைத்து எடுத்துக்கொள்வதும் இதற்குக் காரணம். இரவில் சுவாசத்தால் மீண்டும் இறங்கிவிடும். தொழிற்புரட்சிக்குப் பின் மேற்பரப்புக் கடல்நீரின் பி.எச். 8.2இலிருந்து 8.1 வரை குறைந்ததைக் கேட்டுக் கவலைப்பட்ட எனக்கு, உல்வா ஒரே நாளில் இவ்வளவு ஏறி இறங்குவது வியப்பாக இருந்தது. இதை வைத்து அமிலமயமாதல் பெரிய விஷயமல்ல என்று சொல்லிவிட முடியாது. உடம்பில் சுண்ணாம்பு படியவைக்கும் இளஞ்சிவப்புப் பவளப்பாசிகளின் கதை வேறு. அவை கட்டுவது மக்னீசியம் மிகுந்த கால்சைட். நீரில் மிக எளிதாகக் கரையும் சுண்ணாம்பு வகை அது. அவற்றை ஜாடியில் வளர்க்கும் பொறுமை எனக்கு இன்னும் வரவில்லை.

நான்கு ஜாடிகளில் கிடைத்த எண்களை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ முடியாது. குறிப்பாக, உரமிட்ட ஜாடி ஒன்றே ஒன்றுதான். அதற்கு விளக்கு சற்று நெருக்கமாக இருந்திருக்கலாம். ஆகவே அடுத்த முறை ஜாடிகளின் இடத்தை நாள்தோறும் மாற்றி வைப்பதாக இருக்கிறேன். அதற்கு முன் பார்க்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. முதல் முயற்சியில் நான் சாவு என்று எழுதிய நாளில் வெளியேறிய செல்கள், அவசரமாகத் துடைத்த 31 டிகிரி ஜாடி ஒன்றின் கண்ணாடியில் ஒட்டி முளைத்து, உவர்ப்பு 41 வரை ஏறிய அந்த வாரத்தையும் தாண்டி, இப்போது நக அளவு இலைகளாக நிற்கின்றன. பிறந்ததிலிருந்து சூட்டை மட்டுமே அறிந்த இந்தக் குட்டிகளையும், 25 டிகிரியில் வளர்ந்த பழைய இலைகளையும் ஒரே சூட்டில் அருகருகே வைத்து, இந்த முறை வெட்டாமல், எடை பார்க்கப் போகிறேன்.