மனசுக்குள் பத்து எண்ணினேன்

மகனுக்கு ஒரு வயது ஆனபோதே, காது கேட்கவில்லையோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தீபாவளியன்று வாசலில் சரவெடி வெடிக்கிறது, இவன் தொட்டிலில் புரளக்கூட இல்லை. டாக்டரிடம் காட்டினோம். "ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தாம்மா பேசும், மூணு வயசு வரைக்கும் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். அந்த வார்த்தையை நம்பி ஒன்பது மாதம் போய்விட்டது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. பிறந்த குழந்தைக்கே காது கேட்கிறதா என்று பார்க்க ஓஏஇ என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. காதில் சின்ன முனை ஒன்றை வைத்து, தூங்கும்போதே சில நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள், வலி கிடையாது. பிரசவமான இடத்தில் அதைப் பற்றி எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை.

நாங்கள் கோவில்பட்டி. கடைசியில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் பெரா டெஸ்ட் எடுத்தோம். காதில் கொடுக்கிற சத்தம் மூளை வரை போகிறதா என்று அலையாகப் பார்ப்பது அது. பிள்ளை அசையாமல் தூங்கினால்தான் அதை எடுக்க முடியும். அதனால் விடிகாலை 4 மணிக்கே எழுப்பி, பஸ்ஸில் கண்ணயர விடாமல் விளையாட்டுக் காட்டிக்கொண்டே போனோம். இரண்டு காதிலும் 90 டெசிபல் என்று அவ்வளவு பெரிய சத்தம் கொடுத்தும் அலை வரவில்லை என்றார்கள். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார்கள். ஆமாம், அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன். "தம்பி மகளைத்தான் எடுக்கணும்னு நான்ல ஒத்தக்கால்ல நின்னேன்" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சொந்தத்தில் கட்டிய எல்லாருக்கும் இப்படி வருவதில்லை, அசலில் கட்டியவர்களுக்கும் வருகிறது என்று காது டெஸ்ட் எடுத்த ஆடியாலஜிஸ்ட் உட்காரவைத்துப் பேசினார். அப்புறம்தான் அத்தை வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

முதலில் மூன்று மாதம் காது மெஷின் போட்டுப் பார்த்தோம். பலன் இல்லை. பிறகு காக்ளியர் இம்பிளான்ட். ஆபரேஷன் செய்து உள்காதில் ஒரு பகுதியை வைப்பார்கள், வெளிப்பகுதி காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைச் செய்கிறார்கள். வருமானச் சான்றுக்கு விஏஓ ஆபீஸ் நடை, காப்பீட்டு அட்டை, சிடி, எம்ஆர்ஐ, மூளைக்காய்ச்சல் வராமல் இருக்கத் தடுப்பூசி என்று நாட்கள் ஓடின. அது நடந்துவிடும். கையில் எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுத வந்தது ஆபரேஷனுக்குப் பிந்தைய கதை. ஆபரேஷன் முடிந்தால் பிள்ளை பேசிவிடுவான் என்றுதான் சொந்தபந்தம் எல்லாம் நினைத்தது, நானும்தான். மூன்று வாரம் கழித்துக் கருவியை 'ஆன்' பண்ணினார்கள். அவன் அப்படியே உறைந்துபோனான். ஒரு நிமிடம் கழித்து, தலையில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு அழுதான். "பையனுக்கு வயசு ரெண்டரை. ஆனா காதுக்கு இன்னைக்குத்தாம்மா பிறந்த நாள்" என்றார், கேட்கவும் பேசவும் பழக்குகிற தெரபி மேடம்.

வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம் தெரபி. "மத்த நேரமெல்லாம் நீங்கதான் தெரபிஸ்ட்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். முதல் பாடம், சத்தம் கேட்டால் வளையத்தைக் கம்பியில் போட வேண்டும். நான் வளையத்தை அவன் காதருகே பிடித்துக் காத்திருப்பேன். மேடம் அவன் பின்னால் இருந்து "ம்ம்ம்" என்பார். உடனே நான் கண்ணை விரித்து, "கேட்டுச்சு!" என்று வளையத்தைப் போட்டுக் காட்டுவேன். ஒரு மாதம் நானேதான் போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதினார். மடியில் இருந்தவன் பிஸ்கட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, என் சேலையைப் பிடித்து இழுத்து, தன் காதைத் தொட்டுக் காட்டினான். நான் சத்தம் போட்டு அழுதுவிட்டேன். பக்கத்து சீட் அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்கள்.

கருவி வழியாகச் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க, தினமும் காலையில் ஆறு ஒலி: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். கனத்த ஒலியிலிருந்து மெல்லிய ஒலிவரை பேச்சின் முழு வீச்சும் அதற்குள் அடங்கிவிடும். வாயைக் கையால் மூடிக்கொண்டு சொல்லக் கூடாது, ஒலி மாறிவிடும். தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும். நேற்றுக் கேட்ட ஒலி இன்று கேட்கவில்லை என்றால் முதலில் பேட்டரியையும் வயரையும் பாருங்கள், பிள்ளையைத் திட்டாதீர்கள். ஒரு தடவை 'ஸ்' கேட்காமல் நான்கு நாள் போனது. கருவியின் மைக்கில் ஈரம் இறங்கியிருந்தது. ராத்திரி கருவியைச் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைக்க மறந்த தப்பு என்னுடையது.

எனக்கு நடந்த பெரிய மாற்றம் ஒரு வீடியோவால் வந்தது. நான் பிள்ளையோடு விளையாடுவதை மேடம் போனில் எடுத்து எனக்கே போட்டுக் காட்டினார். "இது என்ன? பந்து. சொல்லு, பந்து. இது என்ன? கார்." கேள்வியும் நானே, பதிலும் நானே. அவன் வாயைத் திறக்கப் போகிற நொடியில் நான் அடுத்த பொம்மையை எடுத்திருக்கிறேன். "கேக்கறதை நிறுத்துங்க, நீங்க செய்யறதைச் சொல்லிக்கிட்டே இருங்க. ஏதாச்சும் வேணும்னு அவன் பார்த்தா, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க."

பத்து எண்ணுவது எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் கடலை மிட்டாய் டப்பாவை அலமாரி மேல் வைத்தேன். கையை நீட்டினான். நான் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எண்ணினேன். அத்தைக்குப் பொறுக்கவில்லை: "ஏட்டி, பிள்ளையை ஏன் ஏங்க விடுதே?" ஏழு, எட்டு. "தா" என்றான். அன்றைக்கு அவன் நான்கு மிட்டாய் தின்றான். அத்தை அடுப்படிக்குள் போய்விட்டார்கள்.

வார்த்தைகள் வந்த பிறகு வேறொரு சிக்கல். "அண்ணன் வந்தான்", "அக்கா வந்தாள்" இரண்டையும் நாம் எப்படிச் சொல்கிறோம்? 'ன்' மூக்கோடு போய்விடும், 'ள்' காணாமலே போய்விடும். கருவி வழியாகக் கேட்கிற பிள்ளைக்கு இரண்டும் "வந்தா"தான். 'க்கு', 'ல', 'கிட்ட' எல்லாம் இப்படித்தான், நம் பேச்சில் வால் கரைந்து போகிறது. வாலை இழுத்து, ராகம் போட்டுச் சொல்ல வீடு முழுக்கப் பழகினோம். வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்ததும் ஒரு நோட்டில் அன்றைக்கு நடந்த ஒன்றைப் படமாக வரைவார். அதை வைத்துத்தான் ராத்திரிப் பேச்சு.

எல்கேஜி சேர்க்கப் போனபோது ஒரு பள்ளிக்கூடத்தில் கருவியைப் பார்த்ததும் இடம் இல்லை என்றார்கள். இன்னொன்றில் முன் பெஞ்சு கொடுத்திருக்கிறார்கள். இப்போது வயது நாலரை. 'ழ' வரவில்லை, அதற்கு அவசரமும் இல்லை.

போன வாரம் மிட்டாய் டப்பாவைத் திறந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. "எனக்கு ஒண்ணு" என்று எடுத்தான். கொஞ்சம் நின்றான். நான் எண்ண ஆரம்பித்தேன், ஐந்து வரைதான் எண்ணியிருப்பேன். "ஆச்சிக்கு ஒண்ணு." வருகிற செவ்வாய் தெரபியில் 'கிட்ட' ஆரம்பிக்கிறார்கள்.