கத்தி படாது

2024 ஜனவரி 15, திங்கள்

இந்த ஊழியப் பயிற்சிப் பள்ளியில் வாராவாரம் பொறுப்பாளர்களிடம் கொடுக்க வேண்டிய நோட்டு வேறு. அது ஆங்கிலத்தில், "இந்த வாரம் கர்த்தர் எனக்குக் கற்றுத்தந்தது" என்று நல்ல பிள்ளையாக எழுதுவது. இது அது இல்லை.

ஜனவரி 17, புதன்

காலை ஆராதனை. நான்கே வரி, நாற்பது நிமிடம். முதல் பத்து நிமிடம் பாடினேன். அடுத்த பத்து நிமிடம் கிடார் வாசிக்கிறவனின் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இடது கால் கயிறு அவிழ்ந்திருந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது. கடைசிப் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கிடார் நின்றுவிட்டது, யாரும் பாட்டை நிறுத்தவில்லை. பதினொரு நாட்டுக்காரர்கள், அவரவர் பாஷையில், அவரவர் ராகத்தில். யாரும் யாரோடும் ஒத்துப் பாடவில்லை, ஆனாலும் எங்கேயும் இடிக்கவில்லை. நான் "ஸ்தோத்திரம்" என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற கொரியப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு "தோத்ரம், தோத்ரம்" என்றாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

அண்ணனிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை.

ஜனவரி 19, வெள்ளி

அம்மாவின் ரிப்போர்ட் வந்துவிட்டது. ஆபரேஷன் பண்ணி எடுத்துத்தான் ஆக வேண்டுமாம்.

ஜனவரி 23, செவ்வாய்

இந்த வாரம் மன்றாட்டு ஜெபம் பற்றிய வகுப்பு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சின்ன ஊர். 1727 ஆகஸ்ட் 27 அன்று 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பங்கு போட்டுக்கொண்டு இரவும் பகலும் ஜெபிக்க ஆரம்பித்தார்கள். அது நூறு வருஷத்துக்கு மேல் தொடர்ந்ததாம். இதைச் சொன்னதும் வகுப்பில் எல்லோரும் "வாவ்" என்றார்கள். எனக்குப் பிடித்தது வேறு இடம். அதே வருஷத்தின் தொடக்கத்தில் அந்த ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான சின்சண்டார்ஃப் பிரபு வீடு வீடாகப் போய்ச் சமாதானம் பேச வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 13 நற்கருணையில் ஏதோ உடைந்து, இரண்டே வாரத்தில் இந்த ஜெபச் சங்கிலி. சண்டைக்காரர்கள் என்பதால்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை.

வகுப்பு முடிந்ததும் சுவரில் தாள் ஒட்டினார்கள். நான் போவதற்குள் நல்ல நேரமெல்லாம் போய்விட்டது. எனக்கு வெள்ளிக்கிழமை அதிகாலை மூன்று முதல் நான்கு.

ஆங்கிலத்தில் ஜெபித்தால் பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது. இங்கே எல்லோரும் அவரை "டாட்" என்று கூப்பிடுகிறார்கள், தோளில் கை போட்டுப் பேசுகிறார்கள். எனக்குத் "தேவரீர்" வேண்டும். "அடியாள்" வேண்டும். அந்தச் சொற்களுக்குள் போனால்தான் முழங்கால் மடிகிறது. இது பக்தியா வெறும் பழக்கமா, தெரியவில்லை.

ஜனவரி 25, வியாழன்

கை நடுங்குகிறது, எழுத்து கோணலாகப் போகிறது.

பிரேசிலிலிருந்து வந்திருந்த குழு இன்று எல்லோருக்கும் தனித்தனியாக ஜெபித்தது. மூன்று நாற்காலி, அவர்களுக்கு எதிரே ஒன்று. சொல்லப்படுவதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், பிறகு நிதானித்துப் பாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். வயதான ஒருவர் என் தலைமேல் கை வைக்காமல், கையை ஒரு சாண் உயரத்திலேயே நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அந்த மௌனத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. அப்புறம் போர்த்துக்கீசில் மெதுவாகப் பேசினார். பக்கத்தில் ஒரு பையன் ஆங்கிலத்தில் சொன்னான். உன் அம்மாவைப் பார்க்கிறேன். படுத்திருக்கிறாள். ஒரு கத்தியைப் பார்க்கிறேன். அந்தக் கத்தி அவளை வெட்டாது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அறைத்தோழியிடம் மட்டும் சொன்னேன். அவளும் பிரேசில்காரிதான். சொல்லியிருக்க மாட்டாள்.

ஜனவரி 26, வெள்ளி

கத்தி படாது. கத்தி படாது. கத்தி படாது.

ஜனவரி 27, சனி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "கர்த்தர் சொல்லிட்டார்ம்மா, கத்தி படாது." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "ஆமென்" என்றாள். இவ்வளவு சின்ன ஆமென் அம்மா வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

தீர்க்கதரிசனங்களை நிதானிப்பது எப்படி என்று இன்றைக்கு வகுப்பு. ஐந்து நாள் தாமதம்.

1 கொரிந்தியர் 14:3-ஐ எழுதிப் போட்டார்கள்: பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல். இந்த மூன்றுக்குள் அடங்காததைச் சொல்லத் துணியாதே. அதே அதிகாரம் 29: இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும். பேசினவர் சொன்னதோடு முடியவில்லை, கேட்டவர்களுக்கும் வேலை இருக்கிறது. அப்புறம் நடைமுறை விதிகள். கல்யாணம், குழந்தை, தேதி, இந்த மூன்றையும் பற்றி யாருக்கும் எதுவும் சொல்லக்கூடாது. வியாதி இந்தப் பட்டியலில் இல்லை என்று நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள், "மருந்தை நிறுத்து, டாக்டரிடம் போகாதே என்று எந்தக் காரணத்துக்கும் யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றார் வகுப்பு எடுத்தவர்.

நான் அப்படிச் சொல்லவில்லையே. கத்தி படாது என்றுதானே சொன்னேன்.

அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக் காட்டியதைப் பற்றி நிறையப் பேசினார். அப்போஸ்தலர் 21. எருசலேமில் கட்டப்படுவாய் என்றுதான் அகபு சொன்னான். போகாதே என்று அவன் சொல்லவில்லை. அழுது தடுத்தவர்கள் கூட இருந்தவர்கள். சேதி ஒன்று, அதைக் கேட்டவர்கள் எடுத்த முடிவு இன்னொன்று. நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். எதற்குப் போட்டேன் என்று யோசிக்கவில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

பயிற்சி. ஒருவர் முகம் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். பின்னால் நிற்கிறவர்களைக் கண்கட்டி அழைத்து வருவார்கள், யாருக்காக ஜெபிக்கிறோம் என்று தெரியாது. மனதைச் சுத்தப்படுத்து, சொந்த யோசனையை ஒதுக்கு, சத்துருவின் சத்தம் அமரட்டும் என்று கேள், காத்திரு. நான் காத்திருந்தேன். துடுப்பு இல்லாத ஒரு படகு வந்தது. தண்ணீர் அசையவே இல்லை. வேறொன்றும் வராததால் அதையே சொன்னேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர் உடைந்து அழுதார். யார் என்று பிறகு பார்த்தால், எங்களில் யாரோடும் அதிகம் பேசாத அந்த நார்வேக்காரர்.

என் வாயிலிருந்து வந்தது ஒரு மனிதனை அப்படி அழ வைத்தது. இரவெல்லாம் உள்ளே ஒரு வெளிச்சம். கொஞ்சம் பெருமையும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

அண்ணன் பேசினான். பேசினான் என்றால் கத்தினான். அம்மா ஆபரேஷன் தேதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். "நீ அங்க உக்காந்துக்கிட்டு தரிசனம் பாக்குற, இங்க நான் டாக்டர் முன்னாடி நிக்கிறேன்." போனை வைத்துவிட்டான்.

பிப்ரவரி 7, புதன்

தூக்கம் இல்லை. 2 இராஜாக்கள் 20-ஐ ஏழெட்டு முறை படித்தாயிற்று. ஏசாயா தீர்க்கதரிசி வந்து நீ பிழைக்கமாட்டாய் என்கிறான். வியாதியாய்க் கிடக்கிற எசேக்கியா ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுகிறான். ஏசாயா பாதி முற்றத்தைத் தாண்டுவதற்குள் கர்த்தர் அவனைத் திருப்பி அனுப்புகிறார். பதினைந்து வருஷம் கூட்டினேன், மூன்றாம் நாள் ஆலயத்துக்குப் போவாய். கர்த்தரே நேரடியாகச் சொன்ன வாக்கு, இதைவிட உறுதி எங்கே கிடைக்கும்? அங்கேயே முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அடுத்த வசனத்திலேயே அத்திப்பழத்து அடை. கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடுகிறார்கள். அப்புறம்தான் பிழைக்கிறான். வாக்கு கிடைத்தபிறகு எதற்குப் பற்று? இத்தனை வருஷமும் இந்த அத்திப்பழத்தை ஒரு விவரம் என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

எசேக்கியா அடை வேண்டாம் என்று சொல்லியிருந்தால்?

அந்த ஆமென் ஏன் அவ்வளவு சின்னதாக இருந்தது?

நான் ஒரு வார்த்தையைப் பெற்றுக்கொண்டேன். பெற்றதை அப்படியே வைத்திருந்திருக்கலாம். இரண்டு நாள்கூடப் பொறுக்க முடியவில்லை. ஏன் என்றால், எனக்கு அந்தப் பயத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அம்மா தலையில் இறக்கினேன்.

பொறுப்பாளர் அக்காவிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும். நோட்டில் எழுத மாட்டேன்.

பிப்ரவரி 8, வியாழன்

சொல்லவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று சமையலறை முறை. பாத்திரம் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தால் எதிரே காலண்டர். பிப்ரவரிப் பக்கத்தில் ஓர் ஏரி, ஒரு படகு. துடுப்பு இல்லை.

அந்தப் பக்கத்தைத் திருப்பியவளே நான்தான். ஒன்றாம் தேதி காலையில், பயிற்சிக்கு மூன்று மணி நேரம் முன்னால்.

நார்வேக்காரர் அந்தப் படகை ஒரு சின்ன அட்டையில் வரைந்து பைபிளுக்குள் வைத்திருக்கிறார். நேற்றுத்தான் காட்டினார். அவரிடம் போய் என்னவென்று சொல்ல? காலண்டர் வழியாகவும் கர்த்தர் பேசலாம் என்று தோன்றுகிறது. என்னால் எதை வேண்டுமானாலும் நியாயப்படுத்த முடியும் என்றும் தோன்றுகிறது.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். உபவாசம். தலைவலி. வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "பதிவைத் திரும்பக் கேட்டாயா?" என்று மட்டும் கேட்டார். கேட்கவில்லை. மூன்று வாரமாகப் போனில் கிடக்கிறது. அது இருக்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

பிப்ரவரி 16, வெள்ளி

அறைத்தோழியோடு கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன். ஆளுக்கு ஒரு காதில் இயர்போன். நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி. கத்தி வந்த இடத்தில் அவள் நெற்றியைச் சுருக்கினாள். பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். மறுபடியும்.

"இவர் வெட்டாது என்று சொல்லவில்லையே."

அந்தச் சொல் "ஃபெரீர்". காயப்படுத்துவது. கத்தி அவளைக் காயப்படுத்தாது. மொழிபெயர்த்த பையன் அவசரத்தில் "வெட்டாது" என்றிருக்கிறான். கத்தி என்றால் வெட்டுவதுதானே, அவனைக் குறை சொல்ல முடியாது. அதை நான் தமிழில் "படாது" ஆக்கினேன். அவன் வெட்டாது என்றுதான் சொன்னான், படாது என்றது யார்? மூன்று பாஷை, மூன்று வாய். கடைசி வாய் என்னுடையது, அதில்தான் அதிகம் கூடியிருக்கிறது.

அதற்கு முன்னால் இன்னொன்றும் இருந்தது, பையன் விட்டுவிட்டது. "கத்தியைப் பிடித்திருக்கும் கையையும் பார்க்கிறேன்" என்றாராம்.

அவரிடம் அம்மாவைப் பற்றி முன்கூட்டியே சொன்னாயா என்று தோழியிடம் கேட்க வாய் வரை வந்தது. அவள் எனக்காக அந்த நான்கு நிமிடத்தை வரிவரியாக எழுதிக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.

பிப்ரவரி 17, சனி

அந்தப் பெரியவருக்குத் தோழி மூலமாகக் குரல் செய்தி அனுப்பினோம். பதில் வந்தது. "மகளே, அன்று நிறையப் பேருக்கு ஜெபித்தேன், எனக்கு எதுவும் ஞாபகமில்லை. டாக்டர் என்ன சொல்கிறார்?"

சிரித்துவிட்டேன். பிறகு கோபம் வந்தது. என் மூன்று வாரம் அவருக்கு ஞாபகமே இல்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

அம்மாவிடம் பேசினேன். முழுவதையும் சொன்னேன், ஃபெரீர் உட்பட. அவசரப்பட்டுச் சொன்னது என் தப்பு, கர்த்தர் பேரில் போட்டது அதைவிடப் பெரிய தப்பு என்றேன். தேதி வாங்கிக்கோம்மா என்றேன்.

"நீ சொன்னதுக்காக மட்டும் இல்லம்மா. எனக்கே பயமா இருந்துச்சு. நீ சொன்னது வசதியாப் போச்சு."

பிறகு ரொம்ப நேரம் வேறு எதையெதையோ பேசிக்கொண்டிருந்தோம். வைக்கும்போது, "அந்தக் கை யாரோட கைன்னு அவர் சொன்னாராம்மா?" என்று கேட்டாள். சொல்லவில்லை என்றேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

அடுத்த கட்ட ஊழியத்துக்கு எந்த நாடு என்று எல்லோரும் ஜெபித்துக் கேட்டு, தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வார வகுப்பு முடிந்ததும் குழு குழுவாக அனுப்புவார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் கடகடவென்று எழுதினார்கள். ஒருத்திக்கு நாட்டோடு கொடியின் நிறமும் வந்ததாம். நான் வெறும் தாளைக் கொடுத்தேன். கர்த்தர் கூப்பிட்டபோது சிறுவன் சாமுவேல் மூன்று தடவை ஆசாரியன் ஏலியிடம் ஓடினான், தெரிந்த குரல் மாதிரி இருந்ததால்தானே ஓடினான். எனக்குள் கேட்பதெல்லாம் எனக்குத் தெரிந்த குரல்தான். எது எவருடையது என்று பிரித்துச் சொல்ல இன்றைக்குத் தைரியம் இல்லை.

காலை ஆராதனையில் மட்டும் பாட முடிகிறது. அங்கே நான் எதையும் கேட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரி 21, புதன்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. அண்ணன் மெசேஜ் அனுப்பினான். அதற்குக் கீழே தனியாக, "ஜெபம் பண்ணு."

அவன் என்னிடம் இதுவரை கேட்டதே இல்லை.

பிப்ரவரி 23, வெள்ளி, அதிகாலை 3.05

என் முறை. ஜெப அறையில் யாரும் இல்லை. இரண்டு மணிக்காரர் மெழுகுவர்த்தியை அணைக்காமல் போயிருக்கிறார், தரையில் விரித்த உலகப் படத்தில் ஆப்பிரிக்காவுக்கு மேலே ஒரு சொட்டு மெழுகு. ஊரில் ஏழரை தாண்டிவிட்டது.

3.20. தேவரீர் என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் போகவில்லை. அந்த ஒரு சொல்லிலேயே நிற்கிறேன்.

3.30. உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

3.50. நான்கு மணிக்காரி வந்து வாசலில் ஷூவைக் கழற்றுகிறாள். கொரியப் பெண். என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் பக்கத்தில் முழங்கால் போட்டாள். போ என்று சொன்னால்கூடப் போகப் போவதில்லை நான். போன் தரையில் படத்துக்கு மேலே கிடக்கிறது, திரை மேல்பக்கமாக