தொட்டியில் நெல்லும் சக்களத்திப் புல்லும்

மொட்டை மாடியில் மூன்று டப். ஆனி மாதம் அவற்றில் வயல் சேற்றை நிரப்பி, அம்பை 16 விதைநெல்லோடு ஊர் வரப்பில் உருவி வந்த குதிரைவாலிப் புல்லின் விதையையும் கலந்து தூவினேன். கூலி கொடுத்துப் பிடுங்க வேண்டிய களையைக் காசில்லாமல் வளர்க்கிறேன் என்று வீட்டில் ஒரே சிரிப்பு.

காரணம் இருக்கிறது. கையால் களை பறிக்கும் வயலில், நெல்லைப் போலத் தெரியாத புல் முதலில் போய்விடும். நெல்லைப் போல இருப்பது தப்பித்து விதை போடும். இதைக் கவனித்து எழுதிய ரஷ்யத் தாவரவியலாளர் வவிலோவின் பெயரால்தான் இந்த வேஷத்தை இன்றும் குறிப்பிடுகிறார்கள். கோதுமை வயலில் களையாகத் திரிந்த ரை என்ற தானியம் இப்படித்தான் பயிராகவே ஆகிவிட்டது என்றார் அவர். சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதிப் புற்களின் மரபணுவைப் படித்து 2019இல் வந்த ஆய்வு, அங்கே புல் நெல் வேஷம் போடத் தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் வருஷம் ஆகிறது என்கிறது. நம் ஆட்கள் ஆய்வெல்லாம் செய்யாமலே சக்களத்தி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இருபதாம் நாள் களையெடுப்பு. குனிந்து ஆராயாமல், வயலில் பார்க்கிற மாதிரி பார்த்துப் பிடுங்கினேன். 38 செடி. பேப்பரில் பரப்பினால் அதில் 7 நெல்! இலை தண்டைத் தழுவும் இடத்தை நகத்தால் விலக்கினால் நெல்லுக்கு வெள்ளைச் சவ்வாக ஒரு நாக்கு, பக்கத்தில் மயிர் முளைத்த இரண்டு காது. புல்லுக்கு இரண்டுமே கிடையாது, மொட்டை. பிடுங்கிய 31 புல்லில் 24க்கு அடித்தண்டு சிவப்பு, படர்ந்த வளர்த்தி. டப்பில் தப்பி நின்ற 11 புல்லும் பச்சை அடியோடு நெட்டுக்குத்தாக நின்றன.

அப்புறம் ஊரிலிருந்து சித்தி வந்தார். முப்பது வருஷம் களை பறித்த கை. "இதுக்கு எதுக்குப்பா நாக்கைப் பாக்குற? நடு நரம்பு வெளுத்துக் கெடக்குறது தெரியலையா?" நான் தடுப்பதற்குள் ஆறு போய்விட்டது. மிச்சம் ஐந்து. என் கண்ணுக்குத் தப்புவது பெரிய காரியமில்லை என்று புரிந்தது.

நெல் முற்றுவதற்கு முன்பே அந்த ஐந்தும் கதிர் தள்ளின. தொட்டாலே மணி உதிர்கிறது. கொசுவலைத் துணியால் கட்டித்தான் விதை பிடிக்க முடிந்தது.

உடனே விதைத்தது என் அவசரம். 60இல் முளைத்தது 2. இந்தப் புல்லின் புது விதை சில மாதம் உறங்கும், படித்திருந்தும் மறந்துவிட்டேன். தை பிறந்ததும் மறுபடி போட்டதில் 43 முளைத்திருக்கிறது. இன்று பதினெட்டாம் நாள், சிவப்பு அடி நாலே நாலு. புதிதாக எதுவும் உருவாகிவிடவில்லை. இந்தப் புல் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது, பிள்ளைகள் தாயைக் கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். சல்லடையில் சலித்த மாதிரி, இருந்ததில் நெல் போன்றது மட்டும் தங்கியிருக்கிறது.

மாசி மகத்துக்குச் சித்தி வருகிறார். அதுவரை டப்பில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.